பால் கவருக்கு விலை இருக்கு, சிப்ஸ் கவருக்கு இல்லை... ஏன்? வீட்டு வாசலிலேயே தனியாக வாங்கினால் மதுரையில் என்ன மாறும்?

மதுரையில் பல வீடுகளின் சமையலறை ஓரத்தில் ஒரு பை தொங்கும். கழுவிக் காயவைத்த பால் கவர்கள் அதில் சேரும். பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போட்டால் கொஞ்சம் காசு வரும். அதே வீட்டில் சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் கவர், ஷாம்பு பாக்கெட், மசாலாத் தூள் கவர் இதுக்கெல்லாம் அப்படி ஒரு பை கிடையாது. நேராகக் குப்பைத் தொட்டிதான்.

இரண்டுமே பிளாஸ்டிக். ஆனால் ஒன்றுக்கு விலை இருக்கிறது, இன்னொன்றை இலவசமாகக் கொடுத்தாலும் ஆளில்லை. இந்த 'விலை இல்லாத' பிளாஸ்டிக்கை மட்டும் வீட்டு வாசலிலேயே தனியாக வாங்கும் சோதனைகள் உலகின் பல ஊர்களில் நடந்திருக்கின்றன. மதுரையில் அப்படி ஒன்று நடந்தால் எப்படி இருக்கும், யார் செலவு செய்ய வேண்டும், சேகரித்ததை வைத்து என்ன செய்யலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சிப்ஸ் கவரில் அப்படி என்ன பிரச்சினை?

பால் கவர் என்பது பாலித்தீன் மட்டும்தான். உருக்கினால் மறுபடியும் பாலித்தீன். அதனால் அதை வாங்கி விற்க ஒரு சங்கிலி இருக்கிறது.

சிப்ஸ் கவர் அப்படி இல்லை. கையில் எடுத்தால் ஒரே தாள் போலத் தெரியும். உண்மையில் அது இரண்டு மூன்று அடுக்குகளை ஒட்டிச் செய்தது. வெளியே அச்சுக்கு ஏற்ற ஒரு பிளாஸ்டிக், உள்ளே காற்றும் ஈரமும் புகாமல் தடுக்கும் மெல்லிய அலுமினியப் பூச்சு, அதற்கும் உள்ளே சூடு வைத்தால் ஒட்டிக்கொள்ளும் இன்னொரு பிளாஸ்டிக். சிப்ஸ் மாதக்கணக்கில் மொறுமொறுப்பாக இருப்பதற்குக் காரணம் இந்த அடுக்குகள்தான்.

மறுசுழற்சிக்கு வரும்போது அதே அடுக்குகள் எதிரியாகிவிடுகின்றன. பாலித்தீன் சுமார் 110 முதல் 130 டிகிரி செல்சியஸில் உருகும். பாலிபுரோப்பிலீன் 160 டிகிரியைத் தாண்ட வேண்டும். பெட் எனப்படும் பாட்டில் பிளாஸ்டிக்குக்கு 250 டிகிரி வேண்டும். மூன்றையும் ஒன்றாக ஒட்டி வைத்துவிட்டு ஒரே சட்டியில் உருக்கினால் உருப்படியாக எதுவும் வராது. பிரித்தெடுக்கும் தொழில்நுட்பம் இருக்கிறது. ஆனால் செலவு அதிகம்.

இன்னொரு பிரச்சினை எடை. ஒரு சின்ன பாக்கெட் 2 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ சேர 500 பாக்கெட் பொறுக்க வேண்டும். பாட்டிலோ அட்டைப்பெட்டியோ என்றால் சில நிமிடங்களில் ஒரு கிலோ சேர்ந்துவிடும். கிலோ கணக்கில் காசு பார்க்கும் ஒருவர் 500 தடவை குனிய மாட்டார். அதில் தப்பும் இல்லை.

இப்போ இதெல்லாம் எங்கே போகுது?

வீட்டில் பிரிக்காமல் போட்டால், இந்தக் கவர்கள் சாம்பார் மிச்சத்தோடும் காய்கறித் தோலோடும் கலந்து அவனியாபுரம் பக்கம் உள்ள வெள்ளக்கல் கிடங்கு வரை பயணம் செய்யும். வண்டியில் ஏறாதவை வாய்க்காலிலும், கிருதுமால் நதியிலும், வண்டியூர் கண்மாய்க் கரையிலும் ஒதுங்கும். மழைக்காலத்தில் சாக்கடையை அடைப்பதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு.

ஊருக்கு வெளியே மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் போனால் கதை கொஞ்சம் மாறும். அங்கே குப்பை வண்டி எல்லா இடத்துக்கும் தினமும் வருவதில்லை. சாலையோரம் குவித்துத் தீ வைப்பதுதான் பலருக்குத் தெரிந்த வழி. அந்தப் புகையில் நச்சு வாயுக்களும் நுண்துகள்களும் இருக்கும். அதை முதலில் சுவாசிப்பவர் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறதே என்று கேட்கலாம். அந்தப் பட்டியல் கேரி பேக், பிளாஸ்டிக் கப், ஸ்ட்ரா போன்றவற்றைக் குறிவைத்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் பையைத்தான் மாற்றச் சொல்கிறது. பையைத் துணிப் பையாக மாற்றிவிடலாம். அதற்குள் போகும் ஷாம்பு பாக்கெட்டையும் நூடுல்ஸ் கவரையும் மாற்ற நம் கையில் வழியில்லை. கடையில் அது அப்படித்தான் வருகிறது.

2025 ஜூலையில் வெளியான மத்திய அரசின் தூய்மைக் கணக்கெடுப்பில், 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 40 நகரங்களில் மதுரைக்குக் கிடைத்தது 40-வது இடம். இதற்குச் சிப்ஸ் கவர் மட்டும் காரணம் இல்லை. ஆனால் வீட்டிலேயே பிரிப்பது, பிரித்ததைக் கலக்காமல் கொண்டுபோவது என்ற இரண்டும் சரியாக நடக்காத ஊரில் முதலில் தோற்பது இந்த வகை பிளாஸ்டிக்தான்.

காலி பாக்கெட்டுக்கு ஒரு காலத்தில் மதிப்பு இருந்தது!

இந்தியாவில் ஷாம்பு சாஷே பரவியதற்குப் பின்னால் ஒரு தமிழ்நாட்டுக் கதை இருக்கிறது. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்றார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் தொடங்கிய நிறுவனத்தின் 'சிக்' ஷாம்பு அதைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனது. பாட்டில் வாங்க முடியாதவர்களும் ஷாம்பு போட முடிந்தது. அது ஒரு நல்ல விஷயம்தான்.

அந்த நிறுவனம் வளர்ந்த காலத்தில் ஒரு திட்டம் வைத்தது. காலி ஷாம்பு பாக்கெட்டுகளைக் கடையில் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். முதலில் எந்த பிராண்டு பாக்கெட் என்றாலும் சரி, பிறகு சிக் பாக்கெட் மட்டும். விற்பனை எகிறியது. சுற்றுச்சூழலுக்காகச் செய்த திட்டம் இல்லை, முழுக்க வியாபாரம். ஆனாலும் நமக்குத் தேவையான ஒரு பாடம் அதில் இருக்கிறது. கைக்கு ஏதாவது கிடைக்கும் என்றால் 2 கிராம் பாக்கெட்டையும் மக்கள் பத்திரமாக எடுத்து வைப்பார்கள்.

நீலகிரியில் 2022-ல் தொடங்கிய டாஸ்மாக் காலி பாட்டில் திட்டத்திலும் இதேதான். பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, திருப்பிக் கொடுத்தால் அதைத் தந்துவிடுவார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பிறகு வந்த அந்தத் திட்டம் வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது.

சரி, தனியாகச் சேகரித்து என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கான பதில்களில் ஒன்று மதுரையிலேயே பிறந்தது. திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், கழிவு பிளாஸ்டிக்கைத் தார்ச்சாலையில் சேர்க்கும் முறையை உருவாக்கினார். 2006-ல் கல்லூரிக்குக் காப்புரிமை கிடைத்தது. 2018-ல் அவருக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

முறை சிம்பிள்தான். பிளாஸ்டிக்கைச் சில மில்லிமீட்டர் அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டுவார்கள். சுமார் 160 முதல் 170 டிகிரி சூட்டில் இருக்கும் ஜல்லி மீது தூவினால், பிளாஸ்டிக் உருகி ஒவ்வொரு கல்லையும் மெல்லிய படலமாக மூடிக்கொள்ளும். அதன்மேல் சூடான தார் ஊற்றிக் கலப்பார்கள். கல்லுக்கும் தாருக்கும் இடையே பிடிமானம் கூடும், தண்ணீர் உள்ளே இறங்குவது குறையும். ஒரு வழிச் சாலை 1 கிலோமீட்டருக்கு வழக்கமாக 10 டன் தார் என்றால், அதில் சுமார் 1 டன்னுக்குப் பதிலாக பிளாஸ்டிக் போகும்.

இந்திய சாலைகள் காங்கிரஸ் 2013-ல் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. 5 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் சாலை போடும்போது கழிவு பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தச் சொல்லி 2015 நவம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் உத்தரவு போட்டது. மதுரை அந்த வரையறைக்குள் வருகிறது.

ஆனால் எல்லா பிளாஸ்டிக்கும் சாலைக்கு ஆகாது. பிவிசி கூடவே கூடாது, சூடேறினால் குளோரின் சார்ந்த நச்சு வாயு வரும். மண்ணும் சாம்பாரும் ஒட்டிய கவரும் வேண்டாம். அதனால்தான் கிடங்கில் கொட்டிய பிறகு பொறுக்கியெடுப்பதைவிட, வீட்டிலேயே காய்ந்த நிலையில் வாங்குவது முக்கியமாகிறது. சாலை தேயும்போது நுண் பிளாஸ்டிக் வெளியேறுமா என்ற கேள்வியையும் ஆய்வாளர்கள் எழுப்புகிறார்கள். அதைக் கண்காணிக்காமல் சாலையை மட்டும் ஒரே தீர்வு என்று சொல்வது அவசரம்.

இரண்டாவது வழி சிமென்ட் ஆலை. அரியலூர் பக்கத்து ஆலைகள் மாநகராட்சிகளிடமிருந்து எரியக்கூடிய கழிவை வாங்கி நிலக்கரியோடு சேர்த்து எரிக்கின்றன. சூளையின் மிக அதிக வெப்பத்தில் பெரும்பாலான நச்சுப் பொருட்கள் சிதைந்துவிடும். ஆனால் இது மறுசுழற்சி கிடையாது, எரிபொருள் அவ்வளவுதான்.

மூன்றாவது, உண்மையான மறுசுழற்சி. துண்டாக்கி அழுத்திப் பலகையாக்குவது, கல்லோடு சேர்த்து நடைபாதைக் கல்லாக்குவது என்று சில வழிகள் இருக்கின்றன. புனேயில் ஒரு ஸ்டார்ட்அப் சிப்ஸ் கவரிலிருந்து கூலிங் கிளாஸ் செய்தது 2023-ல் வைரலானது. இவை எதுவும் இன்னும் ஒரு நகரத்தின் மொத்தக் கவர்களையும் விழுங்கும் அளவுக்கு வளரவில்லை.

வேறு ஊர்களில் செய்து பார்த்தபோது...

பிரிட்டனில் 2022-ல் தொடங்கிய 'ஃப்ளெக்ஸ்கலெக்ட்' திட்டத்தில் உள்ளாட்சிகள் வீடுகளிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக்கை மட்டும் தனிப் பையில் வாங்கிப் பார்த்தன. கிராமம், நகரம், அடுக்குமாடிக் குடியிருப்பு என வெவ்வேறு மாதிரி இடங்களில் சோதித்தார்கள். இங்கிலாந்தில் 2027 மார்ச் 31-க்குள் வீடுகளிலிருந்து பிளாஸ்டிக் கவர்களை மறுசுழற்சிக்காகச் சேகரிப்பது கட்டாயமாகிறது. அதற்கு முன்னோட்டம் அது.

ஆஸ்திரேலியாவின் அனுபவம் எச்சரிக்கை. அங்கே 'ரெட்சைக்கிள்' என்ற திட்டம் சூப்பர் மார்க்கெட் வாசலில் பெட்டி வைத்து மெல்லிய பிளாஸ்டிக்கைச் சேகரித்தது. மக்கள் நம்பிக்கையோடு பல வருடம் கொண்டுவந்து போட்டார்கள். 2022 நவம்பரில் திட்டம் நின்றது. வாங்கிய பிளாஸ்டிக்கைப் பயன்படுத்த போதிய ஆலை இல்லாததால், 11,000 டன்னுக்கும் மேல் கிடங்குகளில் குவிந்து கிடந்தது தெரியவந்தது. சேகரிப்பு ஜெயித்தது, அடுத்த கட்டம் தயாராகவே இல்லை.

புனேயில் கழிவு சேகரிப்பவர்களே உறுப்பினர்களாக இருக்கும் 'ஸ்வச்' கூட்டுறவு, பெரிய நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து பல அடுக்கு கவர்களைத் தனியாகச் சேகரித்தது. விலையில்லாத கவருக்கு நிறுவனத்தின் பணத்தில் விலை கொடுத்ததுதான் அங்கே வித்தியாசம்.

நம் பக்கத்திலும் முயற்சி இல்லாமல் இல்லை. 2015-ல் சென்னை மாநகராட்சி புதன்கிழமைகளில் பிளாஸ்டிக்கைத் தனியாக வாங்கி, கொடுப்பவர்களுக்குத் தங்க நாணயப் பரிசும் அறிவித்தது. பரிசு ஆரம்ப ஆர்வத்துக்கு உதவும். பழக்கமாக மாற, வாரா வாரம் தவறாமல் வண்டி வர வேண்டும்.

காசு யார் கொடுப்பது?

மாநகராட்சியா, நாமா என்று யோசிக்கும் முன் சட்டம் யாரைச் சொல்கிறது என்று பார்ப்போம். 2022 பிப்ரவரியில் வந்த உற்பத்தியாளர் பொறுப்பு விதிகளின்படி, பிளாஸ்டிக் பேக்கேஜிங்கில் பொருளை விற்கும் நிறுவனமே அந்த பேக்கேஜிங்குக்கும் பொறுப்பு. 2023-24 முதல் பொறுப்பு 100 சதவீதம். பாக்கெட், சாஷே, பல அடுக்கு கவர் வகைகளில் 2024-25-ல் குறைந்தது 30 சதவீதத்தை மறுசுழற்சி செய்ய வேண்டும். 2027-28-ல் அது 60 சதவீதமாக உயர வேண்டும். மறுசுழற்சியே முடியாததைத்தான் சாலைக்கோ சிமென்ட் ஆலைக்கோ அனுப்பலாம்.

நிறுவனங்கள் இதைச் சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்டுகின்றன. சிக்கல் அங்கேதான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2023-ல் நடத்திய ஆய்வில் குஜராத், மகாராஷ்டிரா, கர்நாடகாவைச் சேர்ந்த நான்கு நிறுவனங்கள் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ் உருவாக்கியது தெரியவந்தது. தாளில் மறுசுழற்சியான கவர் நிஜத்தில் யாரோ ஒருவரின் வாய்க்காலில் கிடக்கிறது.

அதாவது பணம் என்று ஒன்று இந்தச் சங்கிலியில் ஓடத்தான் செய்கிறது. அது வெள்ளக்கல் வரை, குப்பை வண்டி தள்ளுபவர் வரை வருவதில்லை என்பதே பிரச்சினை.

மதுரையில் ஒரு வார்டில் சோதித்தால்?

மதுரை மாநகராட்சியில் 100 வார்டுகள். அதில் ஒரு வார்டில் 1,000 வீடுகளை எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு 5 கவர், ஒரு கவர் 2 கிராம் என்று வைத்தால், மாதம் 300 கிராம். பாதி வீடுகள் ஒத்துழைத்தால் மாதம் 150 கிலோ.

எடையில் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. எண்ணிக்கையில் பார்த்தால் 75,000 கவர்கள்! மாதா மாதம் 75,000 கவர்கள் சாக்கடைக்கும் கண்மாய்க்கும் போகாமல் நிற்கும். ஏழு மாதத்துக்குள் 1 டன் சேரும். ஒரு கிலோமீட்டர் சாலைக்குப் போதும்.

அப்படி ஒரு சோதனைக்குக் குறைந்தபட்சம் இவை வேண்டும்:

1. வாரத்தில் ஒரே நாள். கவர்களில் ஈரம் இல்லாவிட்டால் நாறாது, தினமும் வாங்கத் தேவையில்லை. ஒரு நாளை முடிவு செய்து அதை மாற்றாமல் இருக்க வேண்டும்.

2. வீட்டுக்கு ஒரு தனிப் பை. உரச் சாக்கு, அரிசிப் பை எதுவானாலும் சரி. நிறமோ அடையாளமோ வண்டிக்காரருக்குத் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும்.

3. வண்டியில் தனி இடம். பிரித்துக் கொடுத்ததை நம் கண் முன்னாலேயே ஒன்றாகக் கொட்டினால் அடுத்த வாரம் யாரும் பிரிக்க மாட்டார்கள். பல ஊர்களில் திட்டம் செத்தது இந்த இடத்தில்தான்.

4. கட்டு போடும் இயந்திரம். அழுத்தாமல் ஏற்றினால் லாரி நிறையக் காற்றைத்தான் கொண்டுபோவோம், டீசல் காசு கட்டுப்படியாகாது.

5. முதல் கவரை வாங்கும் முன்பே எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம். எந்தச் சாலைப் பணி, எந்த ஆலை, மாதம் எத்தனை கிலோ எடுக்கும் என்பது முடிவாகியிருக்க வேண்டும். ஆஸ்திரேலியா சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

6. கணக்கை வெளியே வைப்பது. எத்தனை கிலோ வந்தது, எத்தனை கிலோ அழுக்கு என்று தள்ளப்பட்டது, மிச்சம் எங்கே போனது என்று மாதா மாதம் வார்டு அலுவலகத்தில் ஒட்டினாலே போதும்.

தூய்மைப் பணியாளருக்கு இதில் என்ன லாபம்?

இதைச் சேர்க்காமல் போடும் எந்தத் திட்டமும் காகிதத்தோடு நின்றுவிடும். இன்று தூய்மைப் பணியாளர்கள் பாட்டில், அட்டை, இரும்பை எடுத்து விற்றுக் கொஞ்சம் கூடுதல் வருமானம் பார்க்கிறார்கள். கவருக்கு விலை இல்லாததால் அதைத் தொட அவர்களுக்குக் காரணமும் இல்லை. 'இனி இதையும் தனியாக வாங்குங்க' என்று உத்தரவு போட்டால், அது சம்பளமில்லாத கூடுதல் வேலை.

நிறுவனங்கள் சான்றிதழுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை, கிலோவுக்கு இவ்வளவு என்று சேகரிப்பவர் கையில் நேரடியாகக் கொடுத்தால் நிலைமை மாறும். போலிக் கணக்கைத் தடுக்கவும் அது உதவும். வார்டில் எடை போட்டுக் காசு கொடுத்த ரசீது இருந்தால், இல்லாத கவருக்குச் சான்றிதழ் தயாரிப்பது கஷ்டம்.

நாம இப்போ என்ன செய்யலாம்?

திட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சில விஷயங்கள்:

- கவரைக் கிழிக்கும்போது முனையைத் தனியாகப் பிய்க்காதீர்கள். அந்தக் குட்டித் துண்டை யாராலும் பொறுக்க முடியாது. ஓரமாக வெட்டி, துண்டு கவரோடேயே இருக்கட்டும்.

- எண்ணெய், பொடி ஒட்டியிருந்தால் உதறுங்கள் அல்லது துடைத்துவிடுங்கள். ஒவ்வொன்றையும் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டியதில்லை.

- பால் கவரையும் சிப்ஸ் கவரையும் கலக்காதீர்கள். கலந்தால் விலையுள்ள பால் கவரும் விலை இழக்கும்.

- சேர்ந்ததை மக்காத குப்பை என்று சொல்லித் தனியாகவே கொடுங்கள். வீட்டிலேயே பிரித்துக் கொடுப்பது 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே நம் கடமையாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

- வீட்டில் தினமும் ஷாம்பு, டீத்தூள் சாஷே வாங்குகிறோம் என்றால், கட்டுப்படியாகும்பட்சத்தில் பெரிய பாக்கெட்டுக்கு மாறலாம். கவர் எண்ணிக்கை குறையும்.

எல்லாவற்றையும் தனிநபர் தலையில் கட்ட முடியாது. அடுத்த முறை உங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடந்தால், கவுன்சிலரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். நம் வார்டின் மக்காத குப்பை எங்கே போகிறது? கடைசியாக நம் தெருவில் போட்ட சாலையில் பிளாஸ்டிக் சேர்த்தார்களா? உற்பத்தியாளர் பொறுப்புப் பணத்தில் மாநகராட்சிக்கு எவ்வளவு வந்தது?

பிளாஸ்டிக் சாலையை நாட்டுக்குக் கொடுத்த ஊர் மதுரை. தொழில்நுட்பம் திருப்பரங்குன்றத்தில் இருக்கிறது, கவர் உங்கள் சமையலறையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே வாரம் ஒருமுறை தவறாமல் வரும் ஒரு வண்டியும், அதை ஓட்டுபவருக்குக் கூலியும்தான் பாக்கி.